வேலியிட்டவர் யார்?

கென்ட்ரிக் லாமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' இசைத்தொகுப்பு 2015 மார்ச்சில் வெளியானது. ராப்புடன் ஜாஸும் ஃபங்கும் கவிதை வாசிப்பும் அதில் இணைந்திருந்தன. விமர்சகர்கள் போற்றினர். அவரது முந்தைய தொகுப்பின் தாளத்தை எதிர்பார்த்த கேட்பாளர் சிலரோ, 'இது ஹிப்ஹாப்தானா?' என்று தயங்கினர்.

அக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க இசை வணிகம் கறுப்பின மக்களின் பாடல்களை 'இன இசைத்தட்டுகள்' எனத் தனியே ஒதுக்கி விற்றது. பில்போர்டு இதழ் தன் பட்டியலின் அப்பெயரை 'ரிதம் அண்ட் புளூஸ்' என மாற்றியதே 1949இல்தான். ஜாஸும் ஃபங்கும் ராப்பும் அம்மக்கள் உருவாக்கியவை. லாமார் அவற்றை மீண்டும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தினார்.

2016 கிராமி விழாவில் இத்தொகுப்புக்குச் 'சிறந்த ராப் தொகுப்பு' விருது கிடைத்தது. எல்லா வகைக்கும் பொதுவான 'ஆண்டின் சிறந்த தொகுப்பு' விருது டெய்லர் ஸ்விஃப்டுக்கு வழங்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2015 ஜூலையில், கிளீவ்லாந்தில் 14 வயதுச் சிறுவனைக் காவலர்கள் பிடித்துவைத்ததை எதிர்த்துத் திரண்டோர் இதன் 'ஆல்ரைட்' பாடலைத் தம் முழக்கமாக்கியிருந்தனர். அதுவும் ஒரு தீர்ப்பே.

பறையையும் கானாவையும் பார்த்து 'இது இசைதானா?' என்று கேட்ட சபைகளை நாம் அறிவோம். ஒரு தீர்ப்பைப் படிக்கையில் அதற்கு அடிப்படையான சட்டத்தை இயற்றியவர் யார் என்று வினவுகிறோம். இசையை எடைபோடும்போதும் அவ்வாறே வினவுவோம்: இந்த அளவுகோலை வகுத்தவர் யார்? அது யாரை வெளியே நிறுத்துகிறது?