இலவச மென்பொருளுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

அல்சூர்க் கடைத்தெருவில் ஒரு கடை விலைக்கு வருகிறதென்றால், வாங்க விரும்புபவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். உரிமை யாரிடம் உள்ளது என்பது தெளிவாகும்வரை அவர் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் அதே வணிகர், தம் கடையின் கணக்கு, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் விவரம் ஆகிய அனைத்தையும் ஒப்படைத்திருக்கும் மென்பொருளைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்பது அரிது. 'திறந்த மூல மென்பொருள்தான், கட்டணம் இல்லை' என்று அதை அமைத்துக் கொடுத்தவர் கூறினால் மனநிறைவு கொண்டுவிடுகிறார்.

மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமம் அளிப்பதே திறந்த மூல மென்பொருள். அரசு அலுவலகங்கள் முதல் நம் கைப்பேசிகள் வரை அது பரவியுள்ளது. மைய அரசும் 2015-ஆம் ஆண்டில் அதற்கு ஆதரவான கொள்கையை அறிவித்தது. எனினும் இவ்வகை மென்பொருள்களில் சில பலரது கூட்டுப் பொறுப்பில் வளர்கின்றன. வேறு சில ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அந்நிறுவனம் கைமாறும்போதோ, அதன் வணிக நோக்கம் மாறும்போதோதான் இந்த வேறுபாடு புலப்படும்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டளவில் சூசே லினக்ஸ், ஓப்பன் ஆபீஸ் ஆகியவற்றின் பயன்பாட்டை முனைந்து பரப்பியது. அப்போது சூசே நோவெல் நிறுவனத்திடமும், ஓப்பன் ஆபீஸ் சன் நிறுவனத்திடமும் இருந்தன. 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. 2011-இல் நோவெல் அட்டாச்மேட் வசமாயிற்று. கடல்கடந்து நிகழ்ந்த இந்தக் கைமாற்றங்களில் சென்னையிலிருந்த பயனருக்கு எந்தப் பங்கும் இல்லை. ஓப்பன் ஆபீஸின் எதிர்காலம் குறித்துக் கவலையுற்ற நிரலாளர்கள், 2010 செப்டம்பரில் தனி அமைப்பொன்றை நிறுவி, அதே மூலநிரலிலிருந்து லிப்ரே ஆபீஸை உருவாக்கினர். இன்று அது தமிழ் இடைமுகத்துடனும் கிடைக்கிறது. நிரல் திறந்திருந்ததால் அதைக் காக்க முடிந்தது.

சென்ட் ஓஎஸ் பயனர்களுக்கு நேர்ந்தது இதனினும் கடுமையானது. ரெட் ஹாட் நிறுவனம் விற்கும் லினக்ஸுக்கு இணையாக, கட்டணமின்றிக் கிடைத்த இயங்குதளம் அது. உலகெங்கும் எண்ணற்ற வழங்கிக் கணினிகளில் அது இயங்கியது. 2014-இல் அத்திட்டம் ரெட் ஹாட்டின் அரவணைப்பில் வந்தது. 2019-இல் வெளியான எட்டாம் பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு என்று பயனர்கள் நம்பியிருந்தனர். ஆனால் 2021 இறுதியோடு அது நிறுத்தப்படும் என 2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது. பத்தாண்டுத் திட்டம் ஓராண்டுக் கெடுவாகச் சுருங்கியது. ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்னும் மாற்றுகள் பின்னர் வந்தன. ஆயினும் இடம்பெயரும் உழைப்பும் செலவும் பயனர் தலையில்தான் விழுந்தன.

உரிமமே மாறிய நிகழ்வுகளும் உண்டு. டெர்ராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தை ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டிலும், ரெடிஸ் மென்பொருளின் உரிமத்தை அதே பெயருடைய நிறுவனம் 2024 மார்ச்சிலும் மாற்றின. தங்கள் உழைப்பைப் பெரிய மேகக்கணினி நிறுவனங்கள் விற்று ஆதாயம் காண்கின்றன என்பது இத்தகைய நிறுவனங்கள் கூறும் காரணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. முன்பே வெளிவந்த பதிப்புகளின் உரிமத்தை எவரும் திரும்பப் பெற முடியாது. ஆனால் இனிவரும் பாதுகாப்புத் திருத்தங்கள் புதிய நிபந்தனைகளுடன் வரலாம். திருத்தம் பெறாத பழைய மென்பொருளில் வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பது, பழுதான பூட்டை நம்பிக் கடையடைப்பதற்கு ஒப்பாகும்.

இதனால் திறந்த மூல மென்பொருளைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. மூடிய மென்பொருளை அதன் நிறுவனம் கைவிட்டால், எடுத்து வளர்க்க மூலநிரல்கூட வெளியார் கையில் இராது. தேவைப்படுவது முன்கூட்டிய விசாரணைதான். மென்பொருளை அமைத்துத் தருபவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம்:

1. உரிமத்தை மாற்றும் அதிகாரம் ஒரே நிறுவனத்திடம் உள்ளதா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போல, பல நிறுவனங்களின் நிரலாளர்கள் கூடி வளர்ப்பதா?

2. இப்பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை கிடைக்கும்?

3. நம் கணக்குகளை வேறு மென்பொருள் படிக்கக்கூடிய பொதுவான வடிவில் எடுக்க முடியுமா? இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நலம்.

4. மாற்று மென்பொருளுக்குச் செல்ல நேர்ந்தால், எத்தனை நாள் ஆகும்? செலவு யாருடையது?

தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைக்கும் வங்கிகள், தேவையெனில் அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியேறும் திட்டத்தையும் வகுத்திருக்க வேண்டும் என்பது, 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. சிறு வணிகருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆயினும் மேற்கண்ட நான்கு விடைகளையும் ஒரு தாளில் எழுதி, கடைப் பத்திரங்களோடு வைத்துக்கொள்வது அவருக்கும் நன்மை தரும்.