வெளிச்செல் பெட்டியிற் காத்திருக்கும் கடிதம்



மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் வீதியிற் பாப்பாமோட்டை என்னும் சிற்றூர் உளது. அப்பகுதிப் பாடசாலை அலுவலகமொன்றில் நிகழ்ந்த தவறொன்றை முதலிற் கூறிவிட்டு, அதன் பின்னணியிலுள்ள கணினி முறையை விளக்க எண்ணுகின்றேன். தவறு செய்தவன் நானே.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உதவிப்பணம் பெறவேண்டிய ஏழு மாணாக்கரின் பெயர்ப்பட்டியலை மின்னஞ்சலில் இணைத்து, ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்தினேன். கடிதம் திரையினின்று மறைந்தது. போய்விட்டதென நம்பிக் கணினியை நிறுத்தி வீடு சென்றேன். அன்று முற்பகலே இணைய இணைப்பு அறுந்திருந்ததை நான் உணரவில்லை. எங்ஙனம் உணர்வது? பழைய கடிதங்கள் யாவும் வழக்கம்போலத் திறந்துகொண்டிருந்தன! திங்கட்கிழமை கணினியை இயக்கிய பின்னரே பட்டியல் புறப்பட்டது. இறுதி நாளோ வெள்ளிக்கிழமை. அத்தவணையில் எழுவருக்கும் பணம் வரவில்லை. அவர்களுள் ஒருத்தி கடற்றொழிலாளி ஒருவரின் மகள். “சேர், காசு எப்ப வரும்?” என்று அவள் கேட்டபோது நான் சொன்ன விடை எனக்கே திருப்தி தரவில்லை.

இணைப்பு இல்லாதபோதும் கடிதங்கள் திறந்தது எவ்வாறு? அலுவலக மின்னஞ்சலின் மூலப்பிரதி வழங்கி எனப்படும் தொலைவிலுள்ள கணினியில் இருக்கின்றது. ஒவ்வொரு கடிதத்தையும் திறக்கும்போது அங்கே கேட்டுப் பெறுவது ஒரு முறை. இணைப்பு மந்தமானால் திரை உறைந்து நிற்கும். அறுந்தால் வேலையே நின்றுவிடும். மற்றைய முறையில், கடிதங்களின் படி ஒன்று நம் கணினியின் வட்டிலேயே சேமிக்கப்படுகின்றது. நாம் வாசிப்பதும் எழுதுவதும் அப்படியில்தான். இணைப்பு உள்ளபோது, இரு பக்கத்து மாற்றங்களும் திரைமறைவில் ஒத்துப்பார்க்கப்பட்டுச் சமன் செய்யப்படும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் செயலியில், வழங்கிக் கடிதங்களை இவ்வாறு தற்சேமிப்பாக வைக்கும் முறை 2003 ஆம் ஆண்டுப் பதிப்புடன் வந்தது.

மன்னார் மக்களுக்கு இதை விளக்குதல் எளிது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 இற் கப்பற்சேவை தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அவ்வழியே போட் மெயில் பயணிகளும் தபாலும் சென்றுவந்தன. தபாற்பை இறங்குதுறையை அடைந்துவிட்டது என்பதனால் அது கடல் கடந்துவிட்டது என்றாகாது, கப்பல் வரவேண்டும். நம் கணினியிலுள்ள வெளிச்செல் பெட்டி, அதாவது ‘அவுட்பொக்ஸ்’, அத்தகைய துறையே. அதிலிருந்து நீங்கி ‘அனுப்பப்பட்டவை’ என்னும் பகுதியிற் சேர்ந்த பின்னரே கடிதம் நம் கையை விட்டுப் புறப்பட்டதாகக் கொள்ளலாம். அவுட்லுக்கின் திரை அடியில், இணைப்பு உண்டா இல்லையா என்பதைக் கூறும் சிறு வரி ஒன்றும் உண்டு. அதை நான் அதுவரை வாசித்ததே இல்லை. ‘இணைப்பின்றிப் பணிசெய்’ என்ற பொத்தானையும் சிலர் அறியாது அழுத்திவிடுவர்; பிறகு இணைப்பு நன்றாயிருந்தும் கடிதம் நகராது.

பல கணினிகள் உள்ள அலுவலகத்தில் வேறு சில இடர்களும் எழும். புதிய கணினியொன்று முதன்முறை படியெடுக்கும்போது கடிதங்கள் திரளாக வந்திறங்கும். பத்துக் கணினிகளை ஒரே காலையில் அவ்வாறு தொடக்கிவிட்டால், ஒரே இணைப்பை நம்பியிருக்கும் அலுவலகம் திணறிப்போகும். ஒவ்வொன்றாகத் தொடக்குதலும், மூன்று மாதம் அல்லது ஓராண்டுக் கடிதங்களே போதும் என வரம்பிடுதலும் நன்று. இடம் மிச்சமாகுமென எண்ணி, ஓ.எஸ்.ரி. எனப்படும் அப்படிக் கோப்பை அலுவலகத்தின் பொது வட்டில் வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தகாது. வலையமைப்பின் தாமதத்தைத் தவிர்க்க ஏற்பட்ட படியை மீண்டும் வலையமைப்பின் மீதே ஏற்றுவதாகும் அது, கோப்பும் பழுதடையலாம். முகவரிப் புத்தகத்தின் படியோ வழமையாக நாளுக்கு ஒருமுறையே புதுப்பிக்கப்படும். நேற்று மாற்றலாகி வந்த உத்தியோகத்தரின் பெயர் இன்று காணப்படாவிடில் வியப்பில்லை.

இப்படியைப் பாதுகாப்புப் பிரதி என்று எண்ணுவோர் பலர். கையிலுள்ள படியில் ஒரு கடிதத்தை அழித்தால், இணைப்பு மீண்டதும் வழங்கியிலும் அது அழிக்கப்படும். பேண வேண்டியவற்றை வேறிடத்திற் படியெடுத்து வைத்தலே முறை. மேலும், பலர் பயன்படுத்தும் கணினியிற் கடிதங்கள் வட்டிலேயே கிடப்பதால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டும். மாணாக்கரின் குடும்ப நிலை எழுதப்பட்ட கடிதங்கள் எங்கள் பெட்டியில் உள்ளன. அவை அவ்வழியே போவோர் வருவோர் படிப்பதற்கல்ல.

அடுத்த தவணைப் பட்டியலை இறுதி நாளுக்கு நான்கு நாள் முன்னரே அனுப்பினேன். அன்றும் இணைப்பு விட்டுவிட்டே வந்தது. வெளிச்செல் பெட்டி வெறுமையாகும்வரை நான் அமர்ந்திருக்க, காவலாளி திறப்புக் கோவையுடன் வாயிலில் நின்றுகொண்டிருந்தார்.