30 சதவீதம் காட்டும் செல்போன் திடீர்னு 'ஆப்' ஆகுதா? புது போன் வாங்கும் முன் இதை கவனிங்க!

குந்தாரப்பள்ளி,

கிருஷ்ணகிரி மாவட்டம் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தைக்கு ஆடு, மாடு வாங்க வருபவர்களானாலும் சரி, ஓசூர், சூளகிரி பக்கம் கம்பெனி பஸ்சில் நைட் ஷிப்டுக்கு போகிறவர்களானாலும் சரி, இப்போது பணம் கொடுப்பதும் செல்போனில்தான், வீட்டுக்கு தகவல் சொல்வதும் செல்போனில்தான்.

அந்த போன் 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே 'பொட்'டுனு அணைந்தால்? சார்ஜரில் சொருகினால் உடனே 28 சதவீதம் என்று காட்டும். "போன் போச்சு" என்று தவணையில் புது போன் எடுக்க ஓட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு பேட்டரியில்தான் இருக்கும்.

கூட்டிக்கழிக்கும் சிப்

பைக்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு மூடியை திறந்து பார்த்துடலாம். பேட்டரிக்குள் அப்படி பார்க்க வழி இல்லை. போனில் உள்ள சின்ன சிப், உள்ளே போன கரண்ட், வெளியே போன கரண்ட் இரண்டையும் கூட்டிக்கழித்து, வோல்டேஜையும் பார்த்து ஒரு மதிப்பு போடுகிறது. அதுதான் திரையில் தெரியும் சதவீதம். பேட்டரி பழசாகி அதன் கொள்ளளவு குறைந்த பிறகும் சிப் பழைய கணக்கிலேயே இருந்தால் சதவீதம் தப்பாகிவிடும்.

பழைய பேட்டரியில் உள் மின்தடையும் கூடிவிடும். கேமரா, வீடியோ கால், சிக்னல் குறைந்த இடம் என்று ஒரே நேரத்தில் அதிக கரண்ட் இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும். உடனே போன் அணைந்துவிடும். பாரம் குறைந்ததும் வோல்டேஜ் ஏறுவதால், மறுபடி ஆன் செய்தால் சார்ஜ் இருப்பதுபோல் காட்டுகிறது.

ஐபோனுக்கும் இதே கதை

ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பாகங்கள் தயாராகிறதே, அந்த ஐபோனும் இதற்கு தப்பவில்லை. ஐபோன் 6எஸ் போன்கள் சார்ஜ் இருக்கும்போதே அணைந்ததால், 2015 செப்டம்பர், அக்டோபரில் தயாரான ஒரு பகுதி போன்களுக்கு இலவசமாக பேட்டரி மாற்றித்தருவதாக ஆப்பிள் நிறுவனம் 2016-ல் அறிவித்தது. 2017-ல் சாப்ட்வேர் மூலம் பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தை குறைத்தது. இது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானதும், அந்த ஆண்டு டிசம்பரில் மன்னிப்பு கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக குறைத்தது. பேட்டரியை மாற்றியதும் பழைய போன்களே மறுபடி வேகமாக ஓடின.

என்ன செய்யணும்?

1. முதலில் போனை ஆப் செய்து ஆன் செய்யுங்கள். சாப்ட்வேர் அப்டேட் வந்திருந்தால் போடுங்கள்.

2. வேறு நல்ல சார்ஜர், கேபிள் போட்டு பாருங்கள்.

3. ஒரே ஒரு முறை, போன் தானாக அணையும் வரை பயன்படுத்துங்கள். பிறகு இடையில் எடுக்காமல் 100 சதவீதம் வரை சார்ஜ் போடுங்கள். சிப்பின் கணக்கு சரியாக வாய்ப்பு உண்டு. ஆனால் தேய்ந்த பேட்டரி இதனால் புதுசாகாது. அடிக்கடி இப்படி செய்தால் பேட்டரிக்குத்தான் கெடுதல்.

4. ஐபோனில் 'செட்டிங்ஸ்' போய் 'பேட்டரி' பகுதியில் 'பேட்டரி ஹெல்த்' பாருங்கள். 80 சதவீதத்துக்கு கீழே போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சாம்சங் போனில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப் மூலம் பேட்டரியை சோதிக்கலாம்.

5. இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். வாரண்டி இருந்தால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போங்கள். வெளிக்கடையில் மாற்றினால் பில் கேட்டு வாங்குங்கள்.

'பேட்டரி சேவர்' ஆப்களை இறக்கினால் தேய்ந்த பேட்டரி சரியாகாது. வெயிலில் நிற்கும் வண்டியில் போனை வைப்பது, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது இரண்டும் பேட்டரியின் ஆயுளை குறைக்கும்.

போனின் பின்மூடி உப்பியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டாம். அது தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள பேட்டரி. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், உடனே சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். குப்பையிலும் போடக்கூடாது.