தொரப்பணம் தெரியுமா? ஆசாரி கையில் ஒரு வில்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம். எந்த மரப் பட்டறை வாசலில் நின்றாலும் 'கிர்ர்ர்' என்று டிரில் மிஷின் சத்தம்தான். பட்டனை அழுத்து, துளை விழுந்தாச்சு!

கரண்டே இல்லாத காலத்தில் ஆசாரி என்ன செய்தார்? அவரிடம் 'துரப்பணம்' இருந்தது. பேச்சு வழக்கில் தொரப்பணம்.

ஒரு வில், ஒரு மரத்தண்டு. தண்டின் அடியில் இரும்பு அலகு. உச்சியில் கைப்பிடி. கைப்பிடி சுழலாது, தண்டு மட்டும் சுழலும். வில்லின் கயிற்றைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு கை மேலே அழுத்தும். மறு கை வில்லை முன்னும் பின்னும் இழுக்கும். தண்டு ஒரு தரம் வலம் சுற்றும், ஒரு தரம் இடம் சுற்றும். அலகை வேல் முனை மாதிரி இரண்டு பக்கமும் தீட்டியிருப்பார்கள். போகும்போதும் சுரண்டும், வரும்போதும் சுரண்டும்.

பெரிய துளை என்றால் வில் போதாது. ஆசாரி இரண்டு கையாலும் அழுத்துவார். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கயிற்றின் இரு நுனியையும் மாற்றி மாற்றி இழுப்பான். தோள்பட்டை கழன்றுவிடும்!

ஆணி இல்லாத படகு

"ஒரு ஓட்டைக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்காதீர்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத நாளில் கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளியே நங்கூரம் போடும். துரை, துரைசாணி, மூட்டை முடிச்சு எல்லாம் கரைக்கு வந்தது 'மசூலா' படகில்தான். அதன் பலகைகளைச் சேர்க்க ஆணி கிடையாது! ஆணி அடித்த விறைப்பான படகை அலை தூக்கித் தரையில் போட்டால் உடைந்துவிடும். அதனால் பலகையின் ஓரமெல்லாம் துளை போட்டு, தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அடி விழுந்தால் படகு நெளிந்து கொடுக்கும்.

துளை ஓரத்தை ஒட்டி விழுந்தால் பலகை பிளக்கும். இரண்டு பலகைத் துளையும் நேருக்கு நேர் வராவிட்டால் தையல் இறுகாது. தண்ணீர் உள்ளே வரும். அத்தனை பேர் உயிரும் அந்தத் துளையில் இருந்தது. எல்லாம் கை வேலை!

1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டிய சுவரை 1881 புயல் பெயர்த்துப் போட்டது. மசூலாக்காரர்களின் பிழைப்பு உடனே போய்விடவில்லை.

தொரப்பணத்துக்கு வினை அமெரிக்காவில் முளைத்தது. துப்பாக்கி மாதிரிப் பிடியும் விசையும் வைத்த மின் டிரிலுக்கு பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1917-ல் காப்புரிமை வாங்கியது. இன்று பட்டறைகளில் இரைவது அதன் வாரிசுகள்தான்.

பழைய மர வேலையைப் பார்க்க ஆசையா? கோவளம் போகிற வழியில், முத்துக்காட்டில் தக்ஷிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தது. பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே பூட்டியிருக்கிறார்கள். கதவு, நிலை, தூண் எல்லாம் கிட்டப் போய்ப் பாருங்கள். டிக்கெட் உண்டு, செவ்வாய்க்கிழமை லீவு.