சுழலும் தட்டுகள் – 11: கேட்க முடியாமல் போன ஆறு ஆல்பங்கள்

2023 மார்ச் 3ஆம் தேதி, ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் ஒரே நாளில் ஆறு ஆல்பங்கள் வந்து இறங்கின. எதுவும் புதியதல்ல. எல்லாம் 1989க்கும் 2001க்கும் இடையில் வெளியானவை. அவற்றைப் பாடிய டி லா சோல் என்ற ஹிப்-ஹாப் குழுவின் பெயரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை, அன்றுதான் முதன்முறையாக அந்தப் பாட்டுகளைத் தன் கைபேசியில் நேர்வழியில் கேட்டது. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகூருக்கு அந்த நாள் வாய்க்கவில்லை. அதற்குப் பத்தொன்பது நாள் முன்பு, பிப்ரவரி 12 அன்று, 54 வயதில் அவர் இறந்துபோனார்.

சென்ற வாரம் பப்ளிக் எனிமியின் இரைச்சலைப் பற்றிப் பேசினோம். அந்தக் குழு வந்த அதே லாங் ஐலண்டில் இன்னும் சற்றுக் கிழக்கே போனால் அமிட்டிவில். கெல்வின் மெர்சர், டேவிட் ஜோலிகூர், வின்சென்ட் மேசன் மூவரும் அங்கே பள்ளிக்கூடத் தோழர்கள். மேடைக்காக அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள் பாஸ்ட்னூஸ், ட்ரூகோய், மேசியோ. அதே ஊரில் அவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவரான பால் ஹஸ்டன், பிரின்ஸ் பால் என்ற பெயரில் ஸ்டெட்ஸாசானிக் குழுவின் டிஜேயாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்தார். பையன்கள் செய்து வைத்திருந்த டெமோவைக் கேட்ட அவர், தானே தயாரிக்க முன்வந்தார். டாமி பாய் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 1989இல் ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ வந்தது.

அந்த ஆல்பத்தின் அதிர்ச்சியை உணர, அன்றைய ஹிப்-ஹாப் எதிலிருந்து சாம்பிள் (பழைய தட்டிலிருந்து வெட்டியெடுத்துப் புதுப் பாட்டில் சேர்க்கும் துண்டு) எடுத்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் பிரவுனின் டிரம்ஸ், அவருடைய கூச்சல், அதைச் சுற்றியே பெரும்பாலான பாட்டுகள். டி லா சோல் வீட்டு அலமாரியில் இருந்த எல்லாத் தட்டுகளையும் எடுத்துக் கீழே போட்டார்கள். ஃபங்கடெலிக் உண்டு. ஸ்டீலி டேனும் ஹால் அண்ட் ஓட்ஸும் உண்டு. மூன்றாம் வாய்ப்பாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அமெரிக்க டிவியில் ஒளிபரப்பான பாட்டு, ‘தி மேஜிக் நம்பர்’ ஆனது. ஆல்பத்தின் தலைப்பே வெள்ளத்தைப் பற்றி ஜானி கேஷ் பாடிய ஒரு கன்ட்ரி பாட்டிலிருந்து வந்தது. ‘ஐ நோ’ பாட்டில் ஓடிஸ் ரெடிங்கின் சீழ்க்கையும் ஸ்டீலி டேனின் குரல்களும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. வெவ்வேறு ஊர், வெவ்வேறு பத்தாண்டு, வெவ்வேறு சுருதி. கேட்பவருக்கோ அந்த இரண்டு பதிவுகளும் ஒன்றுக்காகவே ஒன்று காத்திருந்ததுபோல இருக்கும். இதைத் திருட்டு என்று சொல்பவர்கள், இப்படி இரண்டு தட்டுகளை ஒரே சுருதியில் உட்காரவைக்க எவ்வளவு கூர்மையான காது வேண்டும் என்று யோசித்ததில்லை.

பாட்டுகளுக்கு நடுவே ஒரு டிவி வினாடி வினா நிகழ்ச்சி போலச் சின்னச் சின்ன நாடகங்களைப் பிரின்ஸ் பால் செருகினார். ஹிப்-ஹாப் ஆல்பங்களில் பிற்பாடு வழக்கமாகிவிட்ட ‘ஸ்கிட்’ பெரும்பாலும் இங்கிருந்து பரவியதுதான். அந்தச் செருகல்களில் ஒன்றுதான் வினையாகவும் முடிந்தது. ‘டிரான்ஸ்மிட்டிங் லைவ் ஃப்ரம் மார்ஸ்’ ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் துண்டு. அறுபதுகளின் ‘தி டர்ட்டில்ஸ்’ குழுவின் ஒரு பாட்டை வேகம் குறைத்துச் சுழலவிட்டு, அதன் மேல் பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுக்கும் தட்டு ஒன்றின் குரலை வைத்திருந்தார்கள். எதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும் என்ற பட்டியலைத் தாங்கள் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டதாகக் குழுவினர் பின்னாளில் சொன்னார்கள். இந்தத் துண்டுக்கு மட்டும் யாரும் அனுமதி வாங்கவில்லை. டர்ட்டில்ஸின் ஹோவர்ட் கேலனும் மார்க் வோல்மனும் வழக்குப் போட்டார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே பணத்தில் தீர்ந்தது.

அடுத்த அடி நீதிமன்றத்திலிருந்தே வந்தது. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பருக்கு எதிரான வழக்கில், அனுமதியில்லாமல் சாம்பிள் எடுப்பது திருட்டே என்று நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பளித்தார். அதோடு விடாமல், குற்ற வழக்குத் தொடரலாமா என்று பார்க்கும்படி அரசு வழக்கறிஞருக்கும் வழக்கை அனுப்பிவைத்தார். பதிவு நிறுவனங்கள் நடுங்கிப்போயின. ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு பேரிடம் போய் நிற்க வேண்டும்: ஒலிப்பதிவுக்கு உரிமையுள்ள நிறுவனம், பாட்டை எழுதியவரின் பதிப்பாளர். இருவரும் அவரவர் விருப்பப்படி விலை சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். ஒரே பாட்டில் ஐந்தாறு தட்டுகளை அடுக்கும் கலை அதன்பின் பெரிய நிறுவனங்களில் கட்டுப்படியாகவில்லை.

அதற்குள் இரண்டாவது ஆல்பம் வந்துவிட்டிருந்தது, 1991 மே மாதத்தில். முதல் ஆல்பத்தின் அட்டை முழுக்கப் பளிச்சிடும் பூக்கள். அதைப் பார்த்த பத்திரிகைகள் இவர்களை ‘ஹிப்பிகள்’ என்று முத்திரை குத்தின. ஊர் ஊராகப் போன இடத்திலெல்லாம், பூப் பையன்களிடம் கைவரிசையைக் காட்டிப் பார்க்கலாம் என்று வம்புக்கு வந்தவர்களும் இருந்தார்கள். பதிலாக வந்த ஆல்பத்தின் பெயர் ‘டி லா சோல் இஸ் டெட்’. அட்டையில் உடைந்து கிடக்கும் ஒரு பூந்தொட்டி. குப்பையில் கிடைத்த ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டு, நன்றாக இல்லை என்று ஏசும் முரட்டுப் பையன்கள் ஆல்பம் முழுக்க இடையிடையே வருகிறார்கள்.

இதில் ‘மில்லி புல்டு எ பிஸ்டல் ஆன் சாண்டா’ என்ற பாட்டுக்காக மட்டுமே இந்தக் குழுவை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்பேன். மில்லி பள்ளி மாணவி. அவளுடைய அப்பா டில்லன் சமூகப் பணியாளர், பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்தவர், கிறிஸ்துமஸ் சமயத்தில் மேசிஸ் கடையில் சாண்டா வேடம் போடுபவர். வீட்டில் அவர் தன் மகளைப் பாலியல் கொடுமை செய்கிறார். கதையை அவள் சொல்வதில்லை. அவளுடைய பள்ளித் தோழர்கள் இரண்டு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். அவள் வாய்விட்டுச் சொன்னபோது அவர்களில் ஒருவன் நம்பவில்லை. டில்லன் எவ்வளவு நல்லவர், அவரா அப்படிச் செய்வார் என்கிறான். குரலை உயர்த்தாமல், தாளம் மாறாமல், ஒரு ஊரே எப்படி ஒரு குழந்தையைக் கைவிடுகிறது என்பதை நான்கு நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்கள். பாட்டை எழுதியபோது அவர்களுக்கு வயது இருபதை ஒட்டித்தான். அதே ஆல்பத்தில், கிராக் போதையில் அழிந்துகொண்டிருந்த தன் சொந்தச் சகோதரனைப் பற்றியும் பாஸ்ட்னூஸ் எழுதினார். பூக்களை வைத்து இவர்களை எடைபோட்டவர்கள் இந்த இரண்டு பாட்டையும் கேட்டிருக்க வேண்டும்.

1993இல் ‘புலூன் மைண்ட்ஸ்டேட்’. ஜேம்ஸ் பிரவுனின் சாக்ஸபோன் கலைஞர் மேசியோ பார்க்கரை ஸ்டூடியோவுக்கே அழைத்து, ஒரு முழுப் பாட்டை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதில் ராப் கிடையாது, அவருடைய ஊதல் மட்டும்தான். ஊரெல்லாம் ஜேம்ஸ் பிரவுன் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தட்டில் வாசித்தவரையே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னது எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது. ஜப்பானிய ராப்பர்களும் இதில் தங்கள் மொழியிலேயே பாடுகிறார்கள். விற்பனை சுமார்தான். பிரின்ஸ் பாலோடு அவர்கள் செய்த கடைசி ஆல்பம் இது.

1996 ஜூலையில் வந்த ‘ஸ்டேக்ஸ் இஸ் ஹை’ ஆல்பத்தைப் பெரும்பாலும் தாங்களே தயாரித்தார்கள். துப்பாக்கியும் நகையுமாக மாறிக்கொண்டிருந்த அன்றைய ராப் மீதான கோபம் அதில் மறைவில்லாமல் வெளிப்படுகிறது. தலைப்புப் பாட்டுக்கு இசை அமைத்தது டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா, அப்போது அவருக்கு 22 வயது. மாஸ் டெஃப் என்ற இளைஞரைப் பலர் முதலில் கேட்டதும் இங்கேதான். 2000, 2001இல் வந்த ‘ஆர்ட் அஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ வரிசையின் இரண்டு ஆல்பங்களில் நல்ல பாட்டுகள் உண்டு, ஆனால் விருந்தினர் கூட்டத்தில் மூவரும் காணாமல்போகும் இடங்களும் உண்டு. மூன்று பாகமாகத் திட்டமிட்ட அந்த வரிசை இரண்டோடு நின்றது.

அதற்குப் பிறகு உலகம் எம்பி3க்கும் ஐட்யூன்ஸுக்கும் மாறியது. சிக்கல் அங்கே தொடங்கியது. எண்பதுகளின் கடைசியில் சாம்பிள்களுக்காக எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் பலவும் எல்பி, கேசட், சிடி என்று பெயர் சொல்லி அனுமதி கொடுத்திருந்தன. இனி வரப்போகும் வடிவங்களைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. டிஜிட்டலில் விற்க வேண்டுமானால் ஒவ்வொரு உரிமையாளரிடமும் புதிதாகப் பேச வேண்டும். டாமி பாயின் பழைய பதிவுகள் அதற்குள் வார்னர் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தன. இத்தனை பேரைத் தேடிப்போய்ப் பேசும் செலவை வார்னர் ஏற்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தின் 2010 பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஓர் ஆல்பத்தை, ஓர் அமெரிக்க மாணவர் காசு கொடுத்து டவுன்லோட் செய்ய வழியில்லாமல் போனது.

குழு சும்மா இருக்கவில்லை. 2014 காதலர் தினத்தன்று, முதல் ஆல்பத்தின் 25ஆம் ஆண்டையொட்டி, 25 மணி நேரத்துக்குத் தங்கள் பழைய பாட்டுகளையெல்லாம் ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு புதிய ஆல்பத்துக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 1,10,000 டாலர் கேட்டார்கள். 6 லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. அந்தப் பணத்தில் அவர்கள் செய்ததை நினைத்து வியக்கிறேன். இசைக்கலைஞர்களை அழைத்து 200 மணி நேரத்துக்கு மேல் வாசிக்கவிட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு தங்களுக்குச் சொந்தமான அந்தப் பதிவிலிருந்தே சாம்பிள் எடுத்தார்கள். 2016இல் வெளிவந்த ‘அண்ட் தி அனானிமஸ் நோபடி’ அப்படி உருவான ஆல்பம்.

2017இல் டாமி பாய் நிறுவனர் டாம் சில்வர்மன் பழைய பதிவுகளை வார்னரிடமிருந்து திரும்பப் பெற்றார். 2019இல் ஸ்ட்ரீமிங் அறிவிப்பு வந்தபோது, வருமானத்தில் 90 சதவீதம் நிறுவனத்துக்கு, 10 சதவீதம் எங்களுக்கு என்று பேசுகிறார்கள் எனக் குழு வெளிப்படையாகச் சொன்னது. கேட்காதீர்கள் என்று ரசிகர்களிடமே வேண்டிக்கொண்டது. வெளியீடு நின்றது. இருபது ஆண்டுகளாக எதற்காக ஏங்கினார்களோ அது கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு உறுதி வேண்டும்! 2021 ஜூனில் ரிசர்வாயர் மீடியா என்ற இசை நிறுவனம் டாமி பாயை 10 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பிறகுதான் குழுவுக்குச் சம்மதமான ஓர் ஒப்பந்தம் அமைந்தது. சாம்பிள் ஒவ்வொன்றுக்கும் மறுபடி அனுமதி கேட்டார்கள். கிடைக்காத இடங்களில் மறுபடி வாசித்துப் பதிந்தார்கள், அல்லது மாற்றினார்கள். பழைய கேசட்டோடு பழகிய காது சில இடங்களில் சட்டென்று நிற்கும். அந்த இழப்பு உண்மையானது. ஆனாலும் குழு இன்று தன் பாட்டிலிருந்து தனக்கு உரிய பங்கைப் பெறுகிறது என்பதால் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

டேவிட் பதிந்து வைத்துவிட்டுப் போன குரலையும் சேர்த்துக்கொண்டு, 2025 நவம்பரில் ‘கேபின் இன் தி ஸ்கை’ என்ற புதிய ஆல்பத்தை மற்ற இருவரும் வெளியிட்டார்கள். இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் அதில் தொடங்க வேண்டாம். எல்லோரும் கைகாட்டும் முதல் ஆல்பத்திலும் தொடங்க வேண்டாம். ‘டி லா சோல் இஸ் டெட்’ ஆல்பத்தை எடுத்து, நடுவில் வரும் ஏச்சுப் பேச்சுகளைத் தாண்டாமல், முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்)