வியர்வையோடு குதிரையைக் குளிப்பாட்டலாமா?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்துபோன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டைப் பார்க்காமலே செத்ததையும் எழுதிவைத்தார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் வறண்ட நிலத்தில் பிறந்த பிராணி நம்முடைய ஈரக் காற்றில் திணறியிருக்கும் என்பதை நம்பலாம். தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய மண்டபத்தை இழுத்தபடி நிற்கும் கல்குதிரைகளுக்கு வியர்ப்பதில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் கும்பகோணம் பக்கம் வரும் உயிருள்ள குதிரைகளுக்கு வியர்க்கிறது.

வியர்வை ஏன் போதவில்லை

மனிதரைப் போலவே குதிரைக்கும் உடம்பு முழுக்க வியர்க்கும். கடுமையாக ஓடும் குதிரை வெயில் காலத்தில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்வையாக இழந்துவிடும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காவிரிக் கரையில், அதுவும் காற்றே அசையாத வைகாசிப் புழுக்கத்தில், அது ஆவியாவதில்லை. வயிற்றோரம் வழிந்து மண்ணில் சொட்டுகிறது. அப்படிச் சொட்டும் வியர்வை உடம்பிலுள்ள உப்பைக் கொண்டுபோகிறதே தவிர, சூட்டைக் கொண்டுபோவதில்லை.

சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். பந்தயத்துக்கும் போலோவுக்கும் இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆங்கிலேயக் குதிரைகளில் இதை அக்காலத்திலேயே கவனித்தார்கள். ஓடி வந்த குதிரையின் தோல் காய்ந்து கிடந்தால், ‘நல்ல தெம்பு, வியர்க்கவே இல்லை’ என்று மெச்சிக்கொள்ள வேண்டாம். அது நோயின் அறிகுறி. வாளியை எடுங்கள், மருத்துவரை அழையுங்கள்.

ஜன்னி பயம்

வியர்வை அடங்கிய பிறகுதான் குளிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அதே பயம் லாயத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. சூடான தசையில் குளிர்ந்த நீர் பட்டால் குதிரைக்குப் பிடித்துக்கொள்ளும் என்று மேலைநாட்டுக் குதிரைக்காரர்களும் வெகுகாலம் நம்பினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வைத்தது. ஜார்ஜியா மாநிலத்தின் கோடை, டெல்டாவைப் போலவே வெப்பமும் ஈரமும் கலந்தது. குதிரைகள் தாங்குமா என்ற கவலையில் முன்கூட்டியே நடந்த ஆய்வுகளில், ஓடி முடித்த குதிரைகள்மேல் மிகக் குளிர்ந்த நீரை ஊற்றினார்கள். தசைக்குக் கேடு வரவில்லை. உடல் சூடு வேகமாக இறங்கியது. ஆகவே நம் ஊர் வெயிலில் வியர்வையோடு குளிப்பாட்டலாம். சூடேறி மூச்சு வாங்கும் குதிரைக்கு அப்படித்தான் குளிப்பாட்டியாக வேண்டும்.

குளிப்பாட்டும் முறை

இறங்கியதும் சேணத்தைக் கழற்றி நிழலுக்குக் கொண்டுபோங்கள். சாதாரணச் சவாரி என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் கையில் பிடித்து மெல்ல நடத்தினால் மூச்சு சீராகும். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும்; நாடி 28 முதல் 44 வரை துடிக்கும்; உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இந்த எண்களை லாயத்துச் சுவரில் எழுதிவைப்பது நல்லது. வெப்பம் 41 டிகிரியைத் தொட்டாலோ, குதிரை தள்ளாடினாலோ நடத்திக்கொண்டிருக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே தண்ணீரை ஊற்ற வேண்டும்.

பழக்கமில்லாத குதிரை மிரளாமலிருக்கக் காலில் தொடங்கி மார்பு, கழுத்து, முதுகு, பின்தொடையின் உட்புறம் என்று போகலாம். முகத்துக்கு ஈரத்துணி போதும். காதுக்குள் நீர் போகக் கூடாது. ஊற்றிய நீரை வழித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும் என்பது பழைய பாடம். வழிக்கும் நேரத்தில் இன்னும் இரண்டு வாளி ஊற்றலாம் என்பது இன்றைய கருத்து. நனைந்த துணியை முதுகில் போர்த்திவைத்தால் சூடு உள்ளேயே தங்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மொட்டைமாடித் தொட்டியின் நீர் சித்திரை மதியத்தில் கைவைக்க முடியாமல் கொதிக்கும். போர்த் தண்ணீரை நேராகக் குழாயில் பிடியுங்கள். தேங்கிய குட்டைகளும் வாய்க்கால் கழிவும் வேண்டாம்.

சேணமும் வாரும் அழுத்திய இடங்களில் உப்பு படிந்திருந்தால் மறுநாள் புண்ணாகும். அங்கே மட்டும் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு அன்றாடம் தேவையில்லை, துணி சோப்பு என்றைக்குமே கூடாது. குளித்த குதிரையைக் காற்றோட்டமுள்ள நிழலில் உலரவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் வைக்கோல் பிரியால் தேய்த்தாவது உலர்த்தாவிட்டால் முதுகில் பொருக்குப் பொருக்காக மயிர் கொட்டும்.

தண்ணீரும் தீனியும்

ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டாதே என்பதும் பழைய பயம்தான். சிறிது சிறிதாக, அடிக்கடி குடிக்கவிடலாம். நன்றாக வியர்த்த நாளில் கல்லுப்பு கரைத்த நீர் ஒரு வாளியும், வெறும் நீர் ஒரு வாளியும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது வேண்டுமோ அதை அது குடித்துக்கொள்ளும். கொள்ளும் தானியமும் மூச்சு நன்றாக அடங்கிய பிறகு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி அதற்கு உயிர்ப் பிரச்சினை.

நெல் விளையும் ஊரில் தவிடு மலிவு. அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தவிட்டையே முக்கியத் தீனியாக்கினால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, முகத்தெலும்பு வீங்கும், கால் நொண்டும். ஐரோப்பாவில் ஒருகாலத்தில் மாவு ஆலைக்காரர்களின் குதிரைகள் இந்த நோய்க்குப் பேர்போனவை.

சவாரிக்குப் பின் சிறுநீர் முதல் டிகாக்ஷன் நிறத்தில் போனால் (கும்பகோணத்தில் அந்த நிறத்தை விளக்க வேண்டியதில்லை) தசை சிதைகிறது என்று பொருள். குதிரையை ஓர் அடிகூட நடத்தாமல் மருத்துவரை வரவழையுங்கள்.

குளம்பும் ஈயும்

குளம்புக்குள் அடைந்த சேற்றைத் தினமும் குத்தி எடுக்க வேண்டும். அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதி கறுத்து நாறினால் அழுகல் தொடங்கிவிட்டது.

குளிப்பாட்டும் நேரமே உடம்பைத் தடவிப் பார்க்கும் நேரமும். விட்டு விட்டுக் காய்ச்சல், மெலிவு, வயிற்றடியிலும் காலிலும் வீக்கம் இருந்தால் ‘சர்ரா’வாக இருக்கலாம். கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் நோய் இது. இதன் கிருமியை 1880இல் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். இரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். லத்தியைத் தினமும் அள்ளிச் சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்தால் ஈத்தொல்லையும் குறையும்.

குளிப்பாட்டுபவரின் உடம்பு

காலில் வெட்டுக்காயத்தோடு தேங்கிய நீரில் நின்று குதிரை கழுவினால் எலிக்காய்ச்சல் வரலாம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். குதிரை லத்தியிலும் லாயத்து மண்ணிலும் இரணஜன்னிக் கிருமி இருக்கும், எனவே தடுப்பூசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குதிரைக்கும் அதே நோய்க்கான தடுப்பூசி உண்டு. படை உள்ள குதிரைக்குத் தனி பிரஷ், தனி துணி.

மூக்கில் சீழ் ஒழுகி, தோலில் கட்டிகள் வரிசையாக உடைந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அது கிளாண்டர்ஸ் என்னும் நோயாக இருக்கலாம்; மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். குதிரையைத் தனியே கட்டிவிட்டு, பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். தஞ்சை மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.