காகிதப் பூவும் கதர்ப் பூவும்

குழந்தைகளின் கையில் கத்தரிக்கோலையும் வர்ணக் காகிதத்தையும் கொடுத்துவிட்டால் வீடு சற்று நேரம் அமைதியாக இருக்கும் என்பது தாய்மார்கள் அறிந்த ரகசியம். கப்பல், கிளி, காற்றாடி என்று ஏதோ ஒன்று உருவாகும். மாலையில் விளக்குமாற்றுக்கு இரையாகும். ஆனால், இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் குழந்தைகள் செய்யும் ஒரு சிவப்புக் காகிதப் பூவை மட்டும் யாரும் பெருக்கித் தள்ளுவதில்லை. அது யுத்த ஞாபகச் சின்னத்தின் அடியில் மரியாதையுடன் வைக்கப்படுகிறது. வருஷந்தோறும் நவம்பர் 11-ந் தேதி காலை 11 மணிக்கு, அந்தப் பூக்களின் எதிரில் பெரியவர்கள் இரண்டு நிமிஷம் மௌனமாகத் தலை குனிந்து நிற்கிறார்கள்.

அந்தப் பூவின் கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் நம்முடைய கதையும் கலந்திருக்கிறது.

பூ பிறந்த கதை

நம் சமையலறைக்குக் கசகசாவைத் தரும் செடியின் இனத்தைச் சேர்ந்தது பாப்பி என்னும் சிவப்பு மலர்ச் செடி. அதன் விதைக்கு ஓர் அபூர்வ குணம் உண்டு. மண்ணுக்குள் பல வருஷம் உறங்கிக் கிடக்கும். மண்ணைக் கிளறினால் முளைத்து எழுந்துவிடும். 1914-ம் வருஷத்தில் மூண்ட முதல் மகாயுத்தத்தின்போது பெல்ஜியம், வடக்குப் பிரான்ஸ் ஆகிய இடங்களின் வயல்களைக் கலப்பைக்குப் பதில் பீரங்கிக் குண்டுகள் உழுதன. குண்டு விழுந்த பள்ளங்களின் ஓரத்திலும், புதைகுழிகளின் மேலும் அந்தச் செடிகள் பூத்துக் குலுங்கின.

1915 மே மாதத்தில், ஜான் மக்ரே என்ற கனடா தேசத்து வைத்தியர், போரில் மாண்ட தம் நண்பரைப் புதைத்தபின் அந்தப் பூக்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அதே வருஷம் டிசம்பரில் லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் அது வெளியாயிற்று. 1918 நவம்பரில் அதைப் படித்த மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை, இறந்தவர்களின் ஞாபகமாக எப்போதும் ஒரு சிவப்புப் பூவை அணிவது என்று சங்கற்பம் செய்துகொண்டார்.

ஆனால், பூவைக் கையால் செய்து உலகமெங்கும் பரவச் செய்தவர் பிரான்ஸ் தேசத்து அன்னா கெரென் அம்மையார். யுத்தத்தால் பாழான பிரதேசங்களில் விதவைகளும், தந்தையை இழந்த குழந்தைகளும் துணிப் பூக்களைச் செய்தார்கள். அவற்றை விற்க அம்மையார் தேசம் தேசமாகச் சென்று ஏற்பாடு செய்தார். 1921-ல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் போர்வீரர் சங்கத்தார், பிரெஞ்சு அநாதை விடுதிகளில் செய்யப்பட்ட 10 லட்சம் பட்டுப் பூக்களை வரவழைத்தார்கள். பூ ஒன்றின் விலை ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். அதில் 5 பென்ஸ் பிரெஞ்சுக் குழந்தைகளின் தர்ம நிதிக்குத் திரும்பிச் சென்றது. 6 பென்ஸ் ஆஸ்திரேலியப் போர்வீரர்களின் நலனுக்கு. மீதி ஒரு பென்னி சங்கத்தின் பொது நிதிக்கு.

இந்தச் சிறு கணக்கு நம் மனத்தை உருக்குகிறது. அந்த விடுதிகளில் இருந்து பூச் செய்த குழந்தைக்கு அது கைத்தொழில் பாடம் அல்ல. இறந்தவர் அதன் தந்தை. விற்ற பூ அதன் அன்னம்.

அடுத்த வருஷமே லண்டனில் ஜார்ஜ் ஹௌஸன் என்பவர், போரில் அங்கம் இழந்த ஐந்து சிப்பாய்களைக் கொண்டு ஒரு பூத் தொழிற்சாலையை ஆரம்பித்தார். ஒரே கையுள்ளவரும் இதழ்களைப் பொருத்திவிடக்கூடிய வகையில் அந்தப் பூ அமைக்கப்பட்டது.

பிள்ளைகளின் கைங்கரியம்

இக்காலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த யுத்தம் பாட்டனாருக்கும் பாட்டனார் காலத்துச் செய்தி. ஆயினும் அவர்கள் கை ஓயவில்லை. காகிதத்தை இதழாக வெட்டி நடுவில் கறுப்புப் பொத்தானை ஒட்டுகிறார்கள்; கம்பளி நூலால் பின்னுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவர்கள் சிறிய மரச் சிலுவைகளில் தங்கள் கையெழுத்தில் இரண்டொரு வாக்கியம் எழுதித் தருகிறார்கள். அவை கடல் கடந்து சென்று, அந்நாட்டு வீரர்களின் கல்லறைகளில் வைக்கப்படுகின்றன. மெல்போர்ன் நகரில், யுத்தத்துக்குப் போய்வந்த தங்கள் தந்தையரின் ஞாபகார்த்தமாக இரு பெண்மணிகள் 5,000 பூக்கள் பின்ன நினைத்து 2013-ல் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்துகொள்ளவே, 1915-ம் வருஷத்துக் கலிப்போலி யுத்தத்தின் நூறாவது ஆண்டான 2015-ல் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பூக்கள் குவிந்துவிட்டன!

லண்டன் கோட்டை அகழியில் 2014-ல் 8,88,246 பீங்கான் பூக்களை நட்டார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சார்பில் முதல் மகாயுத்தத்தில் மாண்டவர் ஒருவருக்கு ஒரு பூ என்பது கணக்கு. கடைசிப் பூவை நட்டவன் 13 வயதுச் சிறுவன்.

"குழந்தைகளுக்கு யுத்தத்தைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? அது யுத்த வெறியை அல்லவா வளர்க்கும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கிலாந்திலேயே 1933-ல் மாதர் கூட்டுறவுச் சங்கத்தார், இனி யுத்தமே வேண்டாம் என்பதற்கு அறிகுறியாக வெள்ளைப் பூவை அணியத் தொடங்கினார்கள். நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான்: பூ வெறியை வளர்ப்பதும் விவேகத்தை வளர்ப்பதும், அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. "லட்சம் பேர் இறந்தார்கள்" என்றால் குழந்தைக்கு அது வாய்பாடு. "இவருக்கு வயது பத்தொன்பது; இன்ன ஊர்; திரும்பி வரவில்லை" என்றால் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றுவிடும். அப்படி நின்ற குழந்தைக்கு யுத்தம் ஒருநாளும் விளையாட்டாகத் தோன்றாது.

நம்மவர் எங்கே?

முதல் மகாயுத்தத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். சுமார் 74,000 பேர் மாண்டனர். நம் சென்னை ஸாப்பர் படையினர் மெசபொடேமியாவின் மணலிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் காட்டிலும் உழைத்தனர். பிரான்ஸ் தேசத்து நவ் ஷபேல் என்ற ஊரில் 1927-ல் திறக்கப்பட்ட ஞாபக மண்டபத்தில், கல்லறையும் கிட்டாத 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பெயராவது கிடைத்ததே என்று அவர்களைப் பாக்கியசாலிகள் என்னலாம். ஏனெனில், யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் கமிஷன் 2021-ல் தானே வெளியிட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயர் குறிக்கப்படாமலே, அல்லது ஞாபகச் சின்னமே இல்லாமலே விடப்பட்டார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர். கமிஷன் மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. நம் ஜில்லாக்களிலும் சில கிராமங்களில் வெள்ளைக்காரச் சர்க்கார் பதித்த சலவைக்கல்லைக் காணலாம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று இருக்கும். எண் உண்டு, பெயர் இல்லை! வீழ்ந்த வீரனின் பெயரையும் செயலையும் நடுகல்லில் எழுதி, மயிற்பீலி சூட்டி வணங்கிய நாட்டில் இப்படி ஒரு கல்!

அன்னிய ஆட்சிக்காகப் போரிட்டவர்களை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வி தேசபக்தர்களுக்கு எழுவது இயல்பே. யாருடைய யுத்தத்தில் இறந்தார்கள் என்பது சரித்திரத்தின் வழக்கு; அதை விசாரித்துக்கொண்டே இருக்கலாம். அவர்களுக்காக அழுத தாய் நம் தாய் என்பதில் விசாரணைக்கு இடமில்லை. 2018-ல், யுத்தம் முடிந்த நூறாவது ஆண்டில், பிரிட்டிஷ் முன்னாள் வீரர் சங்கத்தாரே இந்தியச் சிப்பாய்களின் ஞாபகமாகக் கதர்த் துணியில் பாப்பிப் பூக்களை வெளியிட்டார்கள். காந்தியடிகளின் ராட்டினம் தந்த துணியைப் பிரிட்டிஷார் தம் சட்டையில் தரித்தார்கள். சரித்திரத்தின் விசித்திரம்தான் என்னே!

வீட்டில் செய்ய வேண்டியது

சுதந்திர இந்தியாவிலும் தேசத்தைக் காத்து வீழ்ந்தவர்கள் ஏராளம். 2019 பிப்ரவரியில் தில்லியில் திறக்கப்பட்ட தேசிய யுத்த ஞாபகச் சின்னத்தின் சுவர்களில் 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 1949-ம் வருஷம் முதல் டிசம்பர் 7-ந் தேதி கொடி நாளாக அனுஷ்டிக்கப்படுகிறது. அன்று பள்ளியில் குழந்தை காசு கொடுத்து ஒரு சிறு கொடியை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கிறது. காசு கொடுப்பது நல்ல காரியம். ஆனால் வாங்கிய கொடி மாலைக்குள் மறந்துபோகும். தன் கையால் செய்தது மறக்காது.

ஆகையால் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்று. இந்த வருஷம் கொடி நாளுக்கு முந்தின தினம், பெட்டியிலுள்ள பழைய கதர்த் துண்டோ, காகிதமோ எடுத்துக் குழந்தையிடம் கொடுங்கள். சிவப்புப் பூதான் வேண்டுமென்பதில்லை. நம் தோட்டத்துச் சாமந்தியைப் போலவே செய்யட்டும். இதழ் கோணலாக இருந்தால் திருத்த வேண்டாம். பூவின் பின்புறம் ஒரே ஒரு வீரரின் பெயரை, உங்கள் ஊரிலோ ஜில்லாவிலோ தேடிக் கண்டுபிடித்து, குழந்தையே எழுதட்டும். அந்த வீரரின் குடும்பம் அருகில் இருந்தால் பூவை எடுத்துக்கொண்டு குழந்தையும் நீங்களும் போய்வாருங்கள். அந்த வீட்டு வாசலில் நின்று அவர் பெயரைக் குழந்தை உரக்கச் சொல்லட்டும்.